மூன்றாவது ஓலைக்கு முன்

மாதா கோவிலில் எங்கள் கல்யாண ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. "தடை ஏதும் இருந்தால் அறிவிக்கவும்" என்று பங்குச் சாமியார் படித்தபோதெல்லாம் நான் அக்கா மகளைத் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவதும் வாசித்துவிட்டால் கல்யாணம்தான். மாப்பிள்ளை என் அத்தை மகன். அவருடைய அண்ணனுக்குத்தான் என் அக்காவைக் கொடுத்திருந்தது. அக்கா மகளுக்கு ரத்தம் ஊறாது. மாதாமாதம் ஆஸ்பத்திரியில் ஏற்ற வேண்டும்.

நானோ பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறவள். டி.என்.ஏ.வின் எழுத்துகளை ஆர்.என்.ஏ. நகலெடுத்துக்கொண்டு போகும்; மூன்று மூன்றெழுத்தாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அமினோ அமிலமாகக் கோத்தால் புரதம் என்று, பூக்கட்டுகிற மாதிரி விரலை ஆட்டிச் சொல்வேன். அந்த வாரம் பலகையில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டேன். மாறிய மூன்றெழுத்துக்கு 'நிறுத்து' என்று பொருள். சங்கிலி பாதியிலேயே அறுந்தது. "ரத்தத்துக்கு வேண்டிய புரதம் இப்பிடி அறுந்தா என்னாகும் மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். "உக்காரு பேசாம!" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அந்தப் பிள்ளை என்ன செய்யும்.

அந்த எழுத்துகள் நமக்கு அம்மாவிடமிருந்து ஒரு படி, அப்பாவிடமிருந்து ஒரு படி. ஒன்று கெட்டாலும் மற்றது சமாளிக்கும், ஆளைப் பார்த்தால் தெரியாது. பெற்றவர்கள் இருவரிடமும் கெட்ட படி ஒன்று இருந்து, பிள்ளைக்கு அந்த இரண்டுமே வந்து சேர்ந்தால்தான் வினை. நானும் மாப்பிள்ளையும் மதுரையில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். அம்மா குதித்தாள்.

"நெருங்கின சொந்தம்னு ஆயர்கிட்டயே அனுமதி வாங்கியாச்சு. அதுக்கு மேல என்னடி டெஸ்ட்டு?"

"ஆயர் சொன்னா ரத்தம் கேக்குமாம்மா?"

மறைமாவட்ட ஆயர் கையெழுத்துப் போட்டால் எல்லாம் தீர்ந்தது என்றுதான் எங்கள் வீட்டில் அத்தனை பேரும் நம்பினார்கள். அக்கா கல்யாணத்தையும் அப்படித்தான் முடித்தார்கள்.

சனிக்கிழமை, என்னைக் கட்டப்போகிற மச்சான் ரிப்போர்ட் வாங்க மதுரை போனார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றைக் குழைய விட்டேன். வாசலுக்கும் அடுப்படிக்கும் அலைந்தேன். "செத்த நேரம் உக்காருடி, உன்னப் பாத்து எனக்குத் தலை சுத்துது" என்றாள், மகளோடு வந்திருந்த அக்கா.

சாயங்காலம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ரெண்டு பேருக்கும் இருக்கு" என்றார். பிறகு அவரே, "இருந்தா இருக்கட்டும், கட்டிக்கிருவோம். மத்ததப் பெறகு பாத்துக்கிருவோம்" என்றார்.

எனக்கு அவரைப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். அந்த ஆத்திரத்தில்தான் அப்படிக் கத்தினேன்.

"முடியாது மச்சான்! நாளைக்கு ஓலை வாசிக்க வேணாம்னு சாமியார்கிட்ட நானே போய்ச் சொல்றேன். இப்பிடி ஒரு பிள்ளையப் பெத்துட்டு என்னால அல்லாட ஏலாது!"

அக்கா, மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த முடியை விடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப இவ பொறந்திருக்கவே கூடாதுங்கிறியாடி?"

நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பிள்ளையும் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.