ஓசூரில் தோற்ற அண்ணனும் கேழ்வரகுக் களமும்

காலமான அண்ணனைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். மறதியும் வந்துவிட்டது. பிழை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் காவேரிப்பட்டினத்தில் பிறந்தார். எங்கள் அம்மா சீக்கிரமே போய்விட்டதால் பள்ளிப் படிப்பு முடிந்ததுமே அப்பாவோடு ஏர் பிடித்தார். மாலையில் ஆற்று மணலில் ஹாக்கி ஆடுவார். மளிகைக்கடை கபூர் அண்ணன்தான் கூட்டாளி. ஆண்டுக்கு ஒரு முறை ஓசூருக்குப் போய் ஆடுவார்கள், தோற்று வருவார்கள். அதெல்லாம் ஐம்பதுகளில்.

நான் ஆட்டம் பார்த்ததில்லை. கபூர் அண்ணன் வந்து சொல்வதைச் சமையற்கட்டிலிருந்து கேட்பேன்.

ஒரு வருஷம் மிக மோசமாகத் தோற்றார்கள்.

"பந்து நிக்கவே மாட்டேங்குது மாமா. நம்ம ஆத்து மணலு மாதிரி இல்ல, ஓசூரு தரை கல்லாட்டம் கெடக்குது. 'என்னப்பா, பந்து ஆத்தோட போயிடுச்சா'ன்னு அவனுங்க சிரிக்கறானுங்க" என்றார் கபூர் அண்ணன், அப்பாவிடம். ஆட்டக்காரர்கள் இனி வரமாட்டோம் என்று பிரிந்துவிட்டார்களாம்.

அப்பா, "ரொம்ப நல்லது. மட்டைய அடுப்புக்குக் குடு, நாளைக்கி ஏரு பூட்டணும்" என்றார்.

அது கேழ்வரகு அறுப்புக்கு முந்தின சமயம். தண்ணீர் தெளித்து, கல் உருளை இழுத்து, சாணி மெழுகிய களம் காய்ந்து கிடந்தது. அண்ணன் அதில் பந்தைத் தட்டிப் பார்த்திருக்கிறார்.

"டேய் கபூரு, ஓடுது பார்ரா! ஓசூருல ஓடுன மாதிரியே ஓடுது!"

களத்தில் ஆட அப்பாவிடம் கேட்டார்.

"செருப்புக் காலோட எவனும் ஏறக்கூடாது. பேந்துச்சுன்னா நீயே மெழுவணும்."

"மெழுவறேன்."

"வருசா வருசம்."

"சரிப்பா."

அதற்குப் பிறகு, பிரிந்து போன ஆட்டக்காரர்களும் திரும்பி வந்தார்கள். வெறுங்காலோடு ஆடி, களத்தைப் பேர்த்து, அவர்களே சாணி கரைத்து மெழுகினார்கள். தெருப் பெண்கள் சிரித்தார்கள். அடுத்த வருஷமும் ஓசூரில் தோல்விதான். ஆனால் அண்ணன் வாசலிலேயே, "பந்து எங்க போவும்னு இப்பத் தெரியுது தங்கச்சி, சோத்தப் போடு" என்றார்.

பிறகு திருமணம், பிள்ளைகள். மழை பொய்த்த ஒரு வருஷம் கதிரே இல்லை. அண்ணன் அப்போதும் களத்தை மெழுகினார்.

"கதிர்ப்போரு ஏதுடா, எதுக்குடா களம்?" என்றார் அப்பா.

"அடுத்த வருசம் இருக்குதில்ல."

அண்ணியார் தவறிய வருஷமும் மெழுகினார். கடைசியில் நடக்க முடியாமல் போனபோது களத்தோரம் கட்டில் போடச் சொன்னார். அங்கேதான் கண் மூடினார்.

அண்ணனைக் கடைசிவரை தூக்கி உட்காரவைத்துப் பார்த்துக்கொண்ட மருமகளுக்கும், காரியத்துக்குத் தண்ணீர், பந்தல் எல்லாம் கவனித்த கபூர் அண்ணன் மகன்களுக்கும், நாகரசம்பட்டி சம்பந்தி வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

காரியத்தன்று ஓசூரிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். எதிர் அணியில் ஆடியவராம். கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். "நாங்க ஆடுன கடைசி வருசம் உங்க அண்ணன்கிட்ட நாங்க தோத்துட்டோம்மா" என்றார். நான் கேள்விப்பட்டதே இல்லை. கபூர் அண்ணனும் இப்போது இல்லை, கேட்க. தோற்று வந்த நாளையெல்லாம் வீட்டில் சொன்னவர்கள், ஜெயித்ததை மட்டும் ஏன் சொல்லாமல் விட்டார்கள் என்று தெரியவில்லை. அன்றைக்கும் அண்ணன் வழக்கம்போல வந்து சோறு கேட்டிருப்பார், நானும் போட்டிருப்பேன். விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொன்னால் நல்லது.