தாய் வீட்டுப் பிரசவம்

என் அக்காவை நகரியில் கட்டிக்கொடுத்தபோது அது ஆந்திரா என்று எங்களில் யாருக்கும் தோன்றவே இல்லை. பொதட்டூர்பேட்டையில் பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் இறங்கிவிடலாம். அக்கா புருஷனை நாங்கள் பாவா என்றுதான் கூப்பிடுவோம். அவரும் எங்களைப் போல விசைத்தறி ஓட்டுகிறவர். அவர் தெலுங்கில் திட்டுவார், நாங்கள் தமிழில் திட்டுவோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் பிரசவம் தாய் வீட்டில். எங்கள் பக்கத்தில் இதைக் கேள்வி கேட்பவர் கிடையாது. வளைகாப்பு முடிந்த கையோடு அம்மா அக்காவை அழைத்து வந்துவிட்டாள். அக்காவுக்கு ரத்தம் ரொம்பக் குறைவு. நகரி அரசு ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்து ஊசி பாதி போட்டிருந்தார்கள். மீதியை இங்கே போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தோம். ஊசி எங்கே போட்டாலும் ஊசிதானே!

எங்கள் ஊர் சுகாதார நிலையத்து நர்ஸம்மா அக்காவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இன்னாம்மா இது, இப்படி வெளுத்துப் போயி கீறா? பேரு எங்க பதிஞ்சிருக்கு?"

"நகரிங்க" என்றேன்.

"இங்க பதிஞ்சவங்களுக்குத்தாம்மா எனக்கு மருந்து வருது. அதையே இந்த வருஷம் கொறச்சுட்டாங்க. இருக்கறவங்களுக்கே பத்தல."

"அந்த ஊர்ப் பொண்ணுன்னா ரத்தம் வேற கலர்ல ஓடுதா?" என்று கத்தினேன். எனக்கு வாய் நீளம். நர்ஸம்மா கோபப்படவில்லை. "நாளைக்கே நகரிக்குக் கூட்டினு போ. அங்க போடுவாங்க" என்று மாத்திரை மட்டும் ஒரு கை அள்ளிக் கொடுத்தார்.

அங்கன்வாடியிலும் அதே கதை. அக்காவுக்கு உரிய சத்துமாவு நகரியில் இருந்தது, அக்கா இங்கே இருந்தாள். தனியார் டாக்டரிடம் போகவும் வழியில்லை. நூல் வராமல் எங்கள் தறி நின்றுகிடந்த மாதம் அது.

நகரிக்கு அனுப்ப அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "வளையல் போட்டுக் கூட்டினு வந்த பொண்ண, புள்ள பொறக்காம அந்த வாசப்படிய மிதிக்க வைப்பனா? சோறு போட வக்கில்லன்னு ஊரே சிரிக்கும்."

"ஊசி போட்டுகினு அடுத்த பஸ்ல வந்துடலாம்மா."

"நெறமாசக்காரி எல்லை தாண்டக் கூடாதுடி."

முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமுமாக அம்மா ஊட்டிக்கொண்டே இருந்தாள். அக்காவோ இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கினாள்.

வலி வந்த அன்று திருத்தணி ஆஸ்பத்திரியில் யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். ஓடினார்கள், ரத்தம் ஏற்றினார்கள், வண்டி வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சாகக் கிடந்தால் மட்டும் எந்த ஊர்க்காரியாகவும் இருக்கலாம் போலிருக்கிறது! முன்பே ஒரு ஊசி போட்டிருந்தால் இத்தனை பேர் ஓடியிருக்க வேண்டாம். இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றி எரிகிறது.

அக்கா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பாவாதான் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டார். அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தாலாவது அம்மா வாய்விட்டு அழுதிருப்பாள்.

போன மாதம் எனக்கு நகரியைத் தாண்டி, ஆந்திராப் பக்கம் புத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல இடம். சந்தோஷத்தில் கீரை ஆய்ந்துகொண்டே அக்காவுக்கு போன் போட்டேன்.

"பையன் எப்படிடி?"

"நல்ல மாதிரியாத்தான் கீறாருன்னு சொல்றாங்க."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தறியை அக்கா நிறுத்தினாள்.

"கட்டிக்கோ. ஆனா மாசமானா அம்மா வீட்டுக்கு மட்டும் போயிடாத. அம்மா கால்ல விழுந்து கூப்ட்டாலும் போவாதடி."

கை ஈரம் என்று போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். அம்மா எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.