சந்தையில் குடிக்காத தண்ணீர்

எண்பதுகளின் தொடக்கத்தில், பரவைச் சந்தையில் கத்தரிக்காய் விற்றுக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. சூடு என்று நினைத்து உச்சியில் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல், முதுகில் குத்தல். மகள் மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

சிறுநீர்த்தாரைத் தொற்று (மூத்திரம் வரும் வழியில் கிருமி சேருவது) என்றார் டாக்டரம்மா. “ஒரு நாளைக்கு எம்புட்டுத் தண்ணி குடிப்பீங்க?”

“நெறையக் குடிப்பேன்” என்றேன்.

பொய். விடிகாலையில் சமயநல்லூரில் வீட்டை விட்டுக் கிளம்பினால் பொழுது சாய்ந்து திரும்பும்வரை ஒரு வாய் குடிக்கமாட்டேன். சந்தையில் பெண்கள் ஒதுங்க இடமில்லை. அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

மாத்திரையில் குணமாயிற்று. இரண்டே மாதத்தில் திரும்ப வந்தது.

“இப்படி வந்துக்கிட்டே இருந்தா கிட்னி கெட்டுப்போகும்மா. எதையோ மறைக்கிறீங்க” என்றார் டாக்டரம்மா.

பயம் வெட்கத்தை மிஞ்சியது. மகள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன்.

“உங்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?”

“தெரியலம்மா. யாரும் பேசிக்கிட்டதில்ல.”

அடுத்த சந்தையன்று, டாக்டருக்குப் படிக்கும் பெண்கள் இருவரோடு அவரே வந்துவிட்டார். ஆண், பெண் எல்லா வியாபாரிகளிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பெண்கள் வாய் திறக்கவில்லை. அதனால் நானும் கூடப் போய், கடைக்குக் கடை என் கதையை முதலில் சொல்லவேண்டியதாயிற்று.

“இதப் போயி ஊருக்கே சொல்லிக்கிட்டுத் திரியிறியே” என்றாள் கீரை விற்கும் காளியம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, “எனக்கும் ரெண்டு வருசமா இருக்கு” என்றாள்.

பக்கத்து வாழைக்காய்க்காரர் சிரித்தார். “தண்ணி குடிக்கிறதுக்கெல்லாமா நோட்டுப் போட்டு எழுதுவாக?”

“ஒங்களுக்கென்னண்ணே, செவுத்தக் கண்டா நின்னுக்கிருவீக” என்றாள் காளியம்மா. அந்தப் படிக்கிற பெண்களும் சிரித்துவிட்டார்கள்.

பெண்களில் பெரும்பாலோருக்குக் கடுப்பு இருந்தது. ஆண்களில் அரிது.

“ஒரே சந்தை, ஒரே வெயிலு. நோய் மட்டும் பொம்பளைகளுக்கு. இதுக்கு மாத்திரை மட்டும் பத்தாது” என்றார் டாக்டரம்மா. பஞ்சாயத்துக்கு மனு எழுதினோம். மூன்றாம் வகுப்புவரை படித்த நான்தான் முதல் கையெழுத்து. சுவரும் கதவுமாகக் கழிப்பறை வர ஓராண்டு ஆனது. அதுவரை சந்தைக்குப் பின்னால் ஒரு வீட்டு அக்கா நாங்கள் ஒதுங்கத் தன் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டார்.

இந்த நோயோடு இருக்கிற பெண்களே, டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். நான் சொன்ன பொய்யை எந்த மாத்திரையாலும் சரிசெய்ய முடியவில்லை.

முன்பெல்லாம் பகல் என்பது அடக்கிக்கொண்டிருக்கும் நேரம். பொழுது சாய்ந்தால்தான் உடம்பு என்னுடையதாகும். கழிப்பறை திறந்த வாரம், உச்சிவெயிலில் ஒரு செம்பு தண்ணீரை நிதானமாகக் குடித்தேன். சற்று நேரத்தில், வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்போதே தராசைக் கீழே வைத்தேன்.

“காயப் பாத்துக்கங்க, வந்துர்றேன்” என்று நாலு பேர் காதில் விழவே சொல்லிவிட்டு எழுந்து நடந்தேன்.