கோப்பிக்கு ஒரு ‘ரிலாக்ஸ்’

போன சனிக்கிழமை பகல், பாலாவியிலிருந்து கற்பிட்டிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த த்ரீவீலுக்குள் இருந்து நான் ஒரு நாயின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒன்று... இடைவெளி. இரண்டு... அதைவிட நீளமான இடைவெளி. மூன்று இனி வராது என்று நான் வாயைத் திறந்தபோதுதான் மூன்று வந்தது.

இந்தப் பத்தியைக் கிழமைதோறும் வாசிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். காஸ் அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்தவள். கடலுக்குப் போன மனுஷன் பத்து நிமிஷம் பிந்தினால் மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்துகொள்கிறவள். ஆகவே நான் பயந்தேன் என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்தத் தடவை பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். ஒரு கிழமை போயும் ஆறவில்லை.

நாயின் பெயர் கோப்பி. பால் விடாத கோப்பியின் நிறம். பாதி பொமரேனியன், மீதிப் பாதி யாருக்கும் தெரியாது. மகள் நிரோஷாவின் நாய். அவள் இத்தாலிக்குப் போகும்போது எயார்போட்டில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுச் சொன்ன கடைசி வார்த்தை, “அம்மா, கோப்பியைப் பாத்துக்கொள்ளுங்க.” அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. இவர் அதை இன்னும் மறக்கவில்லை.

இப்போது கோப்பிக்கு ஒன்பது வயது. இதயத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று புத்தளத்து மிருக வைத்தியர் இரண்டு வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். “ஓட விட வேணாம். வேற எங்கயும் மருந்து குடுக்கிறதா இருந்தா என்னைக் கேக்காம குடுக்க வேணாம்.” அந்த வசனத்தை நான் வேதவாக்காக வைத்திருக்கிறேன்.

மாம்புரியில் எங்கள் வளவு முழுக்க மணல். அதில் நாயுருவி முளைத்துக் கிடக்கிறது. அதன் முள்விதை கோப்பியின் முடியில் ஒட்டி, உப்புக்காற்றும் சேர்ந்து, காதுக்குப் பின்னாலும் தொடையிலும் முடி சடைபிடித்துக் கட்டியாகிவிட்டது. போன வருஷம் இவர் வலை வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து வந்து, “இது என்ன பெரிய வேலை” என்று வெட்டப்போய், காதோரத் தோலில் கீறி, இரத்தம் வந்து, நான் அலறி... அதற்குப் பிறகு இந்த வீட்டில் நாய்ப்பக்கம் கத்தரிக்கோல் போனதில்லை.

போன மாதம் வீடியோ கோலில் நிரோஷா அந்தச் சடையைக் கண்டுவிட்டாள்.

“அம்மா, இதைத் தொழில் தெரிஞ்ச ஆக்கள்தான் செய்ய வேணும். குரூமர் ஒருத்தர்ட்ட கொண்டு போங்க.”

இவர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “நாய்க்குச் சலூனா? முப்பது வருஷத்தில என்ர முடி வெட்ட ஒரு நாளாவது வண்டி பிடிச்சுத் தந்தியா?”

தொழில் தெரிந்த ஆள். படித்த ஆள். இந்த இரண்டு வார்த்தைகளுக்கும் நான் சட்டென்று மடங்கிவிடுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றைக் கண்டால் முதுகு தானாக வளையும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வாய் வராது. கேட்டால் என் ஆங்கில வாசிப்பின் லட்சணம் வெளிப்பட்டுவிடுமே.

பாலாவிப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கிற நாய் சலூன் ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட வெள்ளைக்காரர்கள்கூடத் தங்கள் நாய்களை அங்கேதான் கொண்டுபோகிறார்களாம். போதாதா?

வண்டிக்கு ஜவாத் நானாவைக் கூப்பிட்டேன். எங்கள் ஒழுங்கையில் த்ரீவீல் ஓட்டுகிறவர். தொழுகை தவறாத மனுஷர். நாயை ஏற்றுவாரோ என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். “சீட்டில வெக்காதீங்க தங்கச்சி. கீழ ஒரு றப்பர் விரிப்பு விரிச்சித் தாரன், அதில ஈக்கட்டும்” என்றார். அவ்வளவுதான்.

சலூன் வாசலில் விலைப் பலகை. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் அழகாக எழுதியிருந்தது. உள்ளே ஏசி. கறுப்பு டீ-சேர்ட் போட்ட, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். அவரே முதலாளி, அவரே குரூமர். பின்னால் சுவரில் கண்ணாடிச் சட்டத்தில் சான்றிதழ். என் முதுகு வளைந்தது.

“அன்ரி, இந்த ஃபோமை நிரப்பிச் சைன் பண்ணுங்க.”

முழுக்க ஆங்கிலம். பொடி எழுத்தில் ஒரு பக்கம். கடைசியில் சின்னச் சின்னக் கட்டங்கள், பக்கத்தில் ஒவ்வொரு சொல்.

“தம்பி, இவனுக்கு ஹார்ட்டில கொஞ்சம் பிரச்சினை இருக்கு” என்று வாயால் சொன்னேன். அவர் போனைப் பார்த்தபடி, “ஓம் ஓம், ஒண்டும் நடக்காது. எத்தின நாயைப் பாத்திட்டன்” என்றார். அதை எழுத வேண்டிய இடம் அந்தப் படிவத்திலேயே இருந்ததாம். எனக்குத் தெரியவில்லை. அவர் காட்டவுமில்லை.

கட்டங்களை எழுத்துக் கூட்டி வாசித்தேன். பாத். சரி போட்டேன். நெயில். சரி. அடுத்தது... ரி-லாக்-ஸ்.

இந்தச் சொல் எனக்குத் தெரியும். நிரோஷா இத்தாலிக்குப் போக முன்பு சிலாபத்தில் ஒரு சலூனில் தன் சுருட்டை முடியை ‘ரிலாக்ஸ்’ பண்ணினாள். மருந்து பூசி, நீவி நீவி, முடியை நேராக்கி அனுப்பினார்கள். எங்கள் ஊரில் எந்தக் கல்யாணப் பெண்ணைக் கேட்டாலும் அர்த்தம் சொல்வாள். சடைபிடித்த நாய்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்? என் ஆங்கில அறிவை நானே மெச்சிக்கொண்டு, நல்ல பெரிய ‘சரி’யாகப் போட்டேன். கீழே கையெழுத்தும் வைத்தேன்.

“நீங்க வெளிய இருங்க அன்ரி. ஓனரைக் கண்டா நாய் துள்ளும்.”

திரை ஒன்று மூடிக்கொண்டது. நான் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். முதலில் கோப்பி குரைப்பது கேட்டது. கொஞ்ச நேரத்தில் குரைப்பு நின்றது. மெஷின் சத்தம் மட்டும். அந்த அமைதியை நான் அவருடைய கைத்திறமை என்று நினைத்தேன். கேட்கிறீர்களா? இரண்டு மணித்தியாலம், என் நாய் குரைக்காததைக் கேட்டுச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கோப்பியைத் துவாயில் சுற்றித் தூக்கி வந்து தந்தார். முடி முழுக்க மழித்து, கழுத்தில் சிவப்பு ரிபன். தலை என் தோளில் துவண்டு விழுந்தது.

“எவ்வளவு அமைதியா இருக்கு பாத்தீங்களா?”

“கண்ணைத் திறக்கிறான் இல்லையே தம்பி?”

“குளிச்ச களைப்பு அன்ரி.”

நம்பினேன். படித்தவர் சொல்கிறார்.

வண்டி பத்து நிமிஷம் ஓடியிருக்கும். கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வந்த ஜவாத் நானா வேகத்தைக் குறைத்தார்.

“தங்கச்சி, நாய் என்ன ஒரு மாதிரி ஈக்கி?”

“தூங்குறான் நானா. குளிச்ச களைப்பாம்.”

“தூங்கிற நாய்க்குக் காது ஆடும். வாசல்ல படுத்துக் கெடக்கிற எத்தின நாயக் கண்டீக்கிறன். இதுட காது ஆடல்லயே.”

அப்போதுதான் மூச்சை எண்ணத் தொடங்கினேன். மூன்று வந்ததும் ஜவாத் நானாவின் தோளைத் தட்டினேன். பின்னால் வந்த சீமெந்து லொறி ஹோன் அடிக்க அடிக்க வண்டியை நடுத்தெருவில் திருப்பிப் புத்தளத்துக்கு விட்டார். சலூனைத் தாண்டினோம், சந்தியைத் தாண்டினோம், உப்பளம் வெயிலில் பளபளத்துப் பின்னால் போனது. மனதில் ஒன்றுதான். நிரோஷாவுக்கு என்ன சொல்வேன்?

வைத்தியர் வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகும் நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஜவாத் நானா வந்து குனிந்தார். ஈரத் துவாயோடு கோப்பியை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். வாயிலிருந்து வடிந்த எச்சில் அவருடைய வெள்ளைச் சேர்ட் கையில்.

வைத்தியர் சிங்களப் பெண். தமிழ் நன்றாகப் பேசுவார். கோப்பியின் உதட்டை விலக்கிப் பல் முரசைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். “மயக்க மருந்து குடுத்திருக்கு. என்ன மருந்து?”

“மருந்தா? முடிதானே வெட்டினது, டொக்டர்...”

“அழ வேணாம். கோல் எடுத்துக் கேளுங்க. மருந்துப் பேர் வேணும். கெதியா.”

சலூனுக்குப் போன் எடுத்தேன். வைத்தியருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

“ஓம் அன்ரி, ஒரு குளிசை குடுத்தது. துள்ளாம இருக்க. எல்லா நாய்க்கும் குடுக்கிறதுதான்.”

“பேர் என்ன?”

“பேர்... வெள்ளைக் குளிசை அன்ரி. சின்னது. ஃபாமசியில தெரிஞ்ச பொடியன் ஒருத்தன் தாறது.”

“ஆரைக் கேட்டுக் குடுத்தீங்க?”

“நீங்கதானே ரிலாக்ஸ் டிக் போட்டீங்க. கையெழுத்து உங்கட. எங்களில பிழை இல்ல.”

வைத்தியர் என் கையிலிருந்து போனை வாங்கிச் சிங்களத்தில் நாலு வார்த்தை சொன்னார். நல்ல வார்த்தைகள் இல்லை. பிறகு போனை மேசையில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். சேலைன், ஒட்சிசன், சுடுதண்ணீர்ப் போத்தல். மருந்தின் பெயர் தெரியாததால் பார்த்துப் பார்த்துத்தான் செய்ய வேண்டியிருக்கிறது என்றார்.

நான் வெளியே வந்தேன். முற்றத்துப் பைப்படியில் ஜவாத் நானா கை கழுவிக்கொண்டிருந்தார். ஒரு பிடி மண்ணெடுத்துத் தேய்த்து, பிறகு தண்ணீர், மறுபடி தண்ணீர், மறுபடியும். சேர்ட் கையையும் நனைத்துக் கசக்கினார். நாய் எச்சில் பட்டால் அவர்கள் மார்க்கத்தில் அப்படித்தான் கழுவ வேண்டும். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“நானா, என்னால உங்களுக்குக் கரைச்சல்.”

“என்ன கரைச்சல்? கழுவினா முடிஞ்சி. கழுவ ஏலாத வேலையா செஞ்சிட்டன்?” பைப்பை மூடினார். “உள்ளுக்குப் போங்க. கண் முழிச்சா ஒங்களத்தான் தேடும்.”

மூன்று மணித்தியாலம் கழித்து கோப்பியின் இடது காது ஒரு தடவை ஆடியது.

பிழைத்துக்கொண்டான். ஆனால் கதை அதோடு முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை மறுபடி அந்தச் சலூனுக்குப் போனேன். தனியாகத்தான். பஸ்ஸில் போகும்போது மூன்று தடவை திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். நான் போட்ட படிவத்தை எடுக்கச் சொன்னேன்.

“தம்பி, இதில நான் எதுக்குக் கையெழுத்து வெச்சன்? தமிழ்ல வாசிச்சுச் சொல்லுங்க.”

முதல் வரியைச் சொன்னார். இரண்டாவது வரியில் திக்கினார். மூன்றாவதில் போனை எடுத்து அர்த்தம் பார்க்கத் தொடங்கினார். நடுவில் ஒரு வரி... பனிக்காலத்தில் நாய்க்குக் கோட்டுப் போட்டுக் கொண்டுவர வேண்டுமாம். பனிக்காலம். பாலாவியில்.

“இதை ஆர் எழுதினது?”

“இன்டர்நெட்டில எடுத்தது அன்ரி.”

“அந்தச் சட்டிபிக்கட்?”

“அது... மனுசருக்கு முடி வெட்டப் படிச்சது.”

ஆங்கிலம் வாசிக்கத் தெரியாததை மறைக்க நான் சரி போட்டேன். தொழில் தெரியாததை மறைக்க அவர் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினார். எங்கள் இரண்டு பேருடைய வெட்கத்துக்கும் நடுவில் படுத்துக் கிடந்தது ஒரு வாயில்லாத ஜீவன். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது — என் வெட்கத்தை வைத்து நான் தொழில் நடத்தவில்லை.

நான் பேப்பரில் எழுதுகிறவள் என்று சொன்னதும், “பேப்பர்ல என்ர கடைப் பேரைப் போட்டிராதீங்க அன்ரி” என்றார். போடவில்லை. அந்த ‘ரிலாக்ஸ்’ கட்டத்தை என் கண் முன்னாலேயே எல்லாப் படிவத்திலும் பேனாவால் அடிக்க வைத்தேன். அடித்தார். நான் வெளியே போனதும் புதிதாக அச்சடித்தாரா? தெரியாது. அதுதான் இப்போதைய என் கவலை.

குரூமர்களை நம்பலாமா என்று கேட்டால், நம்பத்தகுந்தவர்களும் இருக்கிறார்கள். சிலாபத்தில் என் சிநேகிதியின் நாய்க்கு முடி வெட்டுகிற பெண், “நீங்களே உள்ள வந்து காலைப் பிடிங்க” என்று கூப்பிடுவாளாம். எனக்கு அது போதும். திரை போட்டு மூடுகிற ஆளிடம் தையல் துணியைக்கூடக் கொடுக்க மாட்டேன் இனி. துணி கெட்டால் வேறு துணி வாங்கலாம்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. விலைப் பலகையை மூன்று மொழியில் எழுதத் தெரிந்தவர்களுக்கு, ஆபத்தை எழுதும்போது மட்டும் ஏன் ஒரே மொழி? உங்கள் ஊர்க் கடைகளிலும் பாருங்கள். நாய் சலூன் மட்டுமா? ஆஸ்பத்திரி, பாங்கு, வெளிநாட்டு ஏஜென்சி... எங்கெல்லாம் பொடி எழுத்தில் கையெழுத்து வைத்தோம்? இனி நான் கேட்பேன். “எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது, சொல்லுங்க” என்று சத்தமாகவே கேட்பேன். நீங்களும் கேளுங்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள் இல்லை.

கோப்பி இப்போது காலடியில் கிடக்கிறான். மழித்த உடம்பில் முடி முள்ளுமுள்ளாக முளைக்கிறது. தூங்குகிறான், காது ஆடுகிறது. இருந்தாலும் நான் எண்ணுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை இரண்டு பேர் கை கழுவினார்கள். தண்ணீர் செலவானது ஒருவருக்குத்தான்.