ஒச்சம்மாளுக்குக் கரைத்த மண்

நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்த ஒச்சம்மாளைக் கவனித்துக்கொள்ள 1961 கோடையில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் நர்சு வேலை படித்துவிட்டு, திண்டுக்கல் பக்கத்தில் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒச்சம்மாளுக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கும். விஷக்காய்ச்சல் வந்து தணிந்த பிறகும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னதை வீட்டார் தங்கள் வழியில் புரிந்துகொண்டார்கள். நான் போனபோது வாசலில் பந்தலுக்குக் கீற்று வந்து இறங்கியிருந்தது.

உயிர் போகாமல் இழுத்துக்கொண்டிருந்ததால் இது மண்ணாசை என்று முடிவு செய்தார்கள். பிரியமான இடத்தை விட மனமில்லாமல் உயிர் தங்கும், அந்த இடத்து மண்ணைக் கரைத்து வாயில் ஊற்றினால் நிம்மதியாகப் போகும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மூத்த மகன் பொன்ராஜ் தோட்டத்து மண்ணைக் கொட்டாங்கச்சியில் அள்ளி வந்தான். அதில் ஆட்டுப் புழுக்கையும் கிடந்தது.

நான் வழக்கத்தைத் தடுக்கவில்லை. கொதிக்க வைத்து வடிகட்டித்தான் கொடுப்பேன் என்றேன்.

“கொதிக்க வச்சா மண்ணுல உள்ள ஆசை போயிராதா, நர்சம்மா?” என்றான் பொன்ராஜ்.

“ஆசை போகாது. பூச்சிதான் போகும்.”

சாகப்போகிறவளுக்கு எதற்கு என்று அந்த வீட்டில் யாரும் அவளுக்கு ஒழுங்காகத் தண்ணீர்கூடக் கொடுத்திருக்கவில்லை. பாலைத் தொட்டு உதட்டில் தடவியதோடு சரி. வடிகட்டிய தண்ணீரில் உப்பும் கருப்பட்டியும் கலந்து கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். சாயங்காலம் நாடி தேறியது.

மண் சரியில்லை என்றான் பொன்ராஜ். ஆத்தாவுக்கு எந்த இடத்தின் மேல் பிரியம் என்று வீட்டில் பெரிய விசாரணை நடந்தது. இளையவன் வீரப்பன் அவள் பிறந்த சித்தையன்கோட்டைக்கு பஸ் ஏறினான். மூத்த மருமகள் செல்லக்கிளி குலசாமி கோயில் மண் என்றாள். பக்கத்து வீட்டு மாயம்மாள் மாட்டுத் தொழுவத்து மண் என்றாள். அதை மட்டும் நான் ஏற்கவில்லை. மற்றவை ஒவ்வொன்றாக வந்தன, கொதித்தன, உள்ளே போயின. ஒவ்வொன்றுக்கும் ஒச்சம்மாள் கொஞ்சம் தேறினாள். கோயில் மண் குடித்த மறுநாள் கஞ்சி கேட்டாள். பந்தல் கீற்றை ஆடு கடிக்கத் தொடங்கியிருந்தது.

ஆனால் கட்டிலை விட்டு இறங்கவில்லை. சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். அப்படியே கிடந்தால் முதுகு புண்ணாகும், நெஞ்சில் சளி கட்டும், பிறகு மண் தேவைப்படாது. யாரும் இல்லாதபோது ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்டேன்.

“எந்திரிச்சா பூப்பறிக்கணும்” என்றாள்.

சரி, எங்கே போவதென்றால் எழுந்திருப்பாய் என்றேன். கொடைரோடு ஸ்டேஷன் என்றாள்.

பூ ஏற்றிப்போக வேன் வருவதற்கு முந்தைய காலத்தில் பூக்கூடைகளை மாட்டுவண்டியில் அந்த ஸ்டேஷனுக்கு அவள்தான் கொண்டுபோவாளாம். கூடைகளை ரயிலில் ஏற்றியதும் வண்டிக்காரர் புண்ணாக்கு வாங்கக் கடைக்குப் போவார். அவர் திரும்பும்வரை வேப்பமரத்தடியில் இருந்த கல் பெஞ்சில் இவள் உட்கார்ந்திருப்பாள். வேன் தோட்டத்துக்கே வரத் தொடங்கியதும் அந்தப் பயணம் நின்றுவிட்டது.

“அங்க மட்டுந்தான் சும்மா உக்காந்திருப்பேன். என்னைய யாருக்கும் தெரியாது. ஒரு வேல சொல்ல மாட்டாக.”

இதை நான் சொன்னதும் பொன்ராஜின் முகம் சுருங்கிவிட்டது. தகப்பன் பாடுபட்டு வாங்கிய தோட்டம் இருக்க, ரயில்வேக்காரன் பெஞ்சா என்று செல்லக்கிளியிடம் கேட்டானாம். இருந்தாலும் மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய், மரத்தடி மண்ணைத் துண்டில் முடிந்துகொண்டு வந்தான். பாதிக்கு மேல் கரித்தூள்.

ஒச்சம்மாள் அதைப் பார்த்தாள்.

“கொண்டாரச் சொல்லலப்பு. கொண்டுபோகச் சொன்னேன்.”

வெளியிடத்தில் உயிர் போனால் ஊர் என்ன பேசும் என்று பொன்ராஜ் என்னிடம் கேட்டான். வீட்டில் இருந்தால் போவது நிச்சயம், அங்கே சந்தேகம்தான் என்றேன். அதன் பிறகு வண்டி பூட்டினார்கள்.

பெஞ்சில் மூட்டையோடு இருந்த இருவரை எழுப்பிவிட்டு அவளை உட்கார வைத்தோம். அவள் காலை நீட்டிக்கொண்டாள். பொன்ராஜ் அவள் மூச்சையே பார்த்துக்கொண்டு நின்றான். வெகுநேரம் கழித்து, போவமா ஆத்தா என்றான்.

“ரயில் வரட்டும்.”

“யாரு வாரா?”

“யாரும் வரல.”

ரயில் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், அது போய்விட்டது. ஒச்சம்மாள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நான் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை. வண்டிவரை நடந்தே போனாள். ஏறி உட்கார்ந்ததும், வார வெள்ளிக்கிழமையும் வரணும் என்றாள்.

பாதி வழியில் பொன்ராஜ், பூப்பறிக்கக் கூலிக்கு ஆள் கிடைக்குமா என்று வண்டிக்காரரைக் கேட்டான். சொன்னால் வருவார்கள் என்றார் அவர்.