வாழையைத் தேடினால் வலை வந்தது

எங்கள் கல்லூரி நூலகத்தில் புத்தகங்களைத் திரும்ப அலமாரியில் அடுக்குவது என் வேலை. பிளஸ் டூவில் இரண்டு பாடம் என்னிடம் இன்னும் தேறவில்லை. நானும் அவற்றை வற்புறுத்தவில்லை.

நூலகர் மேடம் போன வருஷம்தான் சேர்ந்தார்கள். கல்லிடைக்குறிச்சியில் இருந்து தினமும் பஸ்ஸில் வருவார்கள். முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் நூலக வகுப்பு வேண்டும் என்று முதல்வரிடம் கேட்டு வாங்கியது அவர்கள்தான். மூன்று வகுப்பு நடத்திக் காட்டுங்கள், பிரயோஜனம் இல்லையென்றால் அந்த நேரத்தைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடுவேன் என்று முதல்வர் சொல்லியிருந்தார்.

முதல் இரண்டு வகுப்பும் படுத்துவிட்டன. கணினியில் புத்தகம் தேடும் முறையை மேடம் படம் படமாகக் காட்டி விளக்கினார்கள். பின்வரிசையில் ஒருவன் விட்ட குறட்டைக்கு நான் மேசையில் தாளம் போட்டேன்.

இரண்டாவது வகுப்பு முடிந்த சாயங்காலம் மேடம் என்னை எதிரே உட்காரச் சொன்னார்கள்.

"தம்பி, அடுத்த வார வகுப்ப இப்ப உங்களுக்கு நடத்துதேன். எங்க புரியலயோ அங்க கையத் தூக்குங்க."

"அப்போ கையக் கீழ போடவே முடியாதே மேடம்."

"வலிச்சா மறு கையத் தூக்குங்க."

என்னை வாயால் ஜெயிப்பவர்கள் அபூர்வம்.

பூலியன் தேடல் என்று ஆரம்பித்தார்கள். கையைத் தூக்கினேன்.

"பூலியன் யாரு மேடம்? வண்ணார்பேட்டைல கடை வச்சிருக்காரா?"

சிரித்தார்கள். பிறகு யோசித்தார்கள். தாளில் அந்த வார்த்தையை அடித்துவிட்டு, "வீட்டுக்கு வந்தவுககிட்ட டீயா காப்பியான்னு கேப்போம்லா? ஒண்ணுதான் கிடைக்கும். இங்க ரெண்டையும் கேக்கலாம். நடுவுல 'அல்லது' போட்டா, எது இருந்தாலும் கொண்டு வந்துரும்" என்றார்கள்.

"இது எனக்கே புரியுதே!" என்றேன். கிண்டல் இல்லை, நிஜமாகவே புரிந்தது.

"சரி, வாழை பத்தின புத்தகம் தேடுங்க."

எங்கள் பட்டியலில் தமிழ்ப் புத்தகங்களின் பெயரையும் ஆங்கில எழுத்தில்தான் ஏற்றியிருக்கிறார்கள். ஒற்றை விரலால் தட்டினேன்: வி, ஏ, எல், ஏ, ஐ. மீன்பிடி வலை பற்றி ஒரு புத்தகம் வந்தது. கணினி வலைப்பின்னல் பற்றி இரண்டு. வாழை ஒன்றுகூட இல்லை.

"'எல்' இல்ல தம்பி, 'இசட் ஹெச்' போடணும்."

"மேடம், எங்க வீட்டுல ழ-வே கிடையாது. வாளப்பளம்னுதான் சொல்லுவோம். சொல்லுத மாதிரிதான தட்டுவோம்?"

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. போன வாரம் முதலாமாண்டு தாவரவியல் படிக்கும் ஒரு பெண், கருத்தரங்கில் பேச வாழை பற்றிப் புத்தகம் கேட்டு வந்தாள். "கம்ப்யூட்டர்ல இல்லண்ணே" என்றாள். "வெளிய வண்டில பளம் இருக்கு, தின்னுட்டுப் பேசு" என்று அனுப்பிவைத்தேன். வாரா வாரம் நான் தூசி தட்டும் நாலு வாழைப் புத்தகங்கள் அப்போது என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. தலைப்பை வாசித்துத் தூசி தட்டும் பழக்கம் எனக்கு இல்லை.

மேடத்திடம் ஒப்புக்கொண்டேன். திட்டு விழும் என்று நினைத்தேன். "இத எனக்கு எந்தப் படிப்புலயும் சொல்லித் தரல தம்பி" என்று மட்டும் சொல்லி, குறிப்புத்தாளைக் கிழித்துப் போட்டார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் இன்னும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மூன்றாவது வகுப்புக்கு முதல்வரே வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். மேடம் என்னைக் கணினி முன் உட்கார வைத்து, "இவரு தேடுவாரு. தப்புன்னா நீங்க திருத்துங்க" என்றார்கள். தட்டினேன். திரையில் மீன்வலை.

"அண்ணாச்சி மீன் பிடிக்கப் போறாரு டோய்!" என்று ஒருவன் கத்தினான்.

"ஏலே, நீ வந்து பிடி."

வந்தான். அவன் போட்ட எழுத்துக்கு ஒன்றுமே வரவில்லை. அடுத்து ஒருத்தி, அடுத்து ஒருவன் என்று வகுப்பே கணினியைச் சுற்றி நின்றது. மேடம் டீ, காப்பிக் கதையைச் சொன்னார்கள். அந்தத் தாவரவியல் பெண் வந்து, வாழையை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையையும் நடுவில் 'அல்லது' வைத்துத் தட்டினாள். நாலு புத்தகமும் வந்து நின்றன.

"பளம் வேண்டாம்ண்ணே, புத்தகத்த எடுங்க" என்றாள். ஓடிப்போய் எடுத்தேன்.

முதல்வர் எழுந்து வந்தார். அவர் வீட்டுக்கு இன்னும் வயல் இருக்கிறது. "நவுருலே, நான் ஒண்ணு தேடுதேன்" என்று உழவு பற்றித் தேடினார். திரையில் உளவாளிக் கதைகள் வரிசையாக வந்தன. பிள்ளைகள் சிரிக்கலாமா என்று மேடத்தைப் பார்த்தார்கள். மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். என் வாய்தான் சும்மா இருக்கவில்லை.

"சார், வயல்ல யாரையோ வேவு பாக்குதீய போல."

ஒரு கணம் வேலை போயிற்று என்றே நினைத்தேன். முதல்வர் வயிறு குலுங்கச் சிரித்தார். "கணக்கு வாத்தியார்ட்ட நான் சொல்லிக்கிடுதேம்மா. இந்த நேரம் உங்களுக்குத்தான்" என்று மேடத்திடம் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானமே நானும் மேடமும் பட்டியலைத் திருத்த உட்கார்ந்தோம். ஒவ்வொரு தலைப்போடும், பிள்ளைகள் வாயில் வருகிறபடி இன்னொரு எழுத்தையும் சேர்க்க வேண்டும். நான் சொல்வேன், மேடம் தட்டுவார்கள். இதே உச்சரிப்புக்காகப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏறி நின்றவன் நான். இங்கே ஒருவர் அதைக் காது கொடுத்துக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"சரியாக் கேக்கல தம்பி. இன்னொரு தடவ, சத்தமாச் சொல்லுங்க."

நன்றி என்றுதான் சொல்ல வந்தேன். வாய் பழகிய பக்கம் போய்விட்டது.

"நூலகத்துல சத்தம் போடக்கூடாது மேடம்" என்றேன்.