பசைகளைக் கட்டிப்பிடிக்க வைத்தவர்

ஹாஷிம் பதுளையில் ஒரு பாடசாலையின் ஆய்வுகூட உதவியாளர். பத்தொன்பது வருடங்களாகச் சோதனைக் குழாய் கழுவிய அவருக்கு ஆய்வுகூடப் பொறுப்பாளராக வேண்டும். விண்ணப்பத்தோடு வைக்கப் பெரிய இடத்துக் கடிதம் ஒன்று கிடைத்தால் போதும் என்று நம்பினார்.

எழுபத்து நான்காம் ஆண்டில் வெளிநாட்டுக் கோந்து வருவது நின்றுபோனது. நமுனுகுல மலைத் தோட்டமொன்றின் தேயிலைப் பெட்டிகளில் மரவள்ளி மாவுப் பசையால் ஒட்டிய லேபல்கள் கொழும்புக்குப் போகுமுன்பே உதிர்ந்தன. தோட்டத்துத் துரையின் கவலை ஹாஷிமுக்குத் திறந்த கதவாகத் தெரிந்தது. இரண்டு பசைகளைக் கலந்தால் லேபல் இறுகப் பிடிக்கும் என்பது அவர் யோசனை.

மரவள்ளிப் பசை, கொழும்பிலிருந்து வரவழைத்த வெள்ளைத் தூளின் பசை. இரண்டும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனவை. இரண்டையும் தண்ணீரில் ஐதாக்கி, மெல்லிய கண்ணாடிக் குழாயில் விட்டு, வடியும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்ப்பார். ஒன்று எண்பது விநாடி, மற்றது அறுபது. சமமாகக் கலந்தால் ஏறக்குறைய எழுபது வரவேண்டும். அதைவிடக் கூடினால் சங்கிலிகள் ஒன்றையொன்று இழுக்கின்றன. குறைந்தால் விலகி நிற்கின்றன. இதற்குப் பாகுநிலை அளவீடு என்று பெயர். உண்மையில் நல்ல முறைதான்.

தனித்தனிப் பசைகளைப் பதுளையின் உச்சி வெயிலில் அளந்தார். கலவையைத் துரையின் கண் முன்னால் அளக்கவேண்டும் என்று எடுத்து வைத்துக்கொண்டார். புறப்படும்போது மனைவி றஷீதா கேட்டார்:

"கோட்டுப் போட்டுட்டா பசைக்குப் போறீங்க? மாப்புள அழைப்புக்குப் போற மாதிரி ஈக்கி."

"விஞ்ஞானம் உனக்கு வெளங்காது."

"பசையாவது வெளங்கும். தாங்க, பிள்ளைட புத்தகம் கிழிஞ்சு கிடக்கு."

விடியற்காலை முதல் பஸ்ஸில் போய், தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் துரையின் முன்னால் கலவையைக் குழாயில் விட்டார். நூற்றிரண்டு விநாடி.

"எழுபது வரவேண்டியது, சேர்! முப்பத்திரண்டு கூட! ரெண்டும் கட்டிப்பிடிச்சிட்டுது. இனி லேபல் விழவே விழாது."

துரை தலையாட்டினார். கடிதம் எழுதத் தாள் கொண்டுவரச் சொன்னார். லேபல் ஒட்டும் நல்லையா தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு அருகே வந்தார்.

"ஹாஷிம் நானா, தப்பா நெனைக்காதீங்க. இந்தக் குளிருல தேங்காயெண்ணெயே போத்தல்ல கல்லாக் கெடக்கு. அந்த ரெண்டையும் தனித்தனியா இங்க வச்சு அளந்தீங்களா?"

"அது பதுளையில அளந்தாச்சு. கெமிஸ்ட்ரி படிச்சீங்களா நீங்க?"

"இல்லீங்க. குளிருதான் படிச்சிருக்கேன்."

துரை சிரித்துவிட்டார். "அளந்து பாருங்க, ஹாஷிம்."

தனிப்பசைகளும் அவர் பையிலேயே இருந்தன. எண்பது விநாடியில் ஓடியது இந்தக் குளிரில் நூற்றுப் பதினாறு, அறுபது எண்பத்தேழு. இரண்டுக்கும் நடுவே நூற்றொன்றரை வரவேண்டும்; கலவை ஓடியது நூற்றிரண்டு. ஒன்றையொன்று தொடக்கூட இல்லை. நமுனுகுல பஸ்ஸில் ஒரே இருக்கையில் உட்கார்ந்த அந்நியர்கள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்திருந்தன.

"கண்ணாடிக் குழாய்க்கும் குளிர் பிடிச்சிருக்கும்," என்றார் ஹாஷிம். மறுக்கவும் தகுதியில்லாத சாக்கு அது.

துரை நல்ல மனிதர். கடிதம் எழுதுவதாகச் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். முத்திரையுள்ள தாளில் ஆங்கிலத்தில் எழுதினார்: திரு. ஹாஷிம் மூன்று பசைப் போத்தல்களையும் ஒரு கண்ணாடிக் குழாயையும் மலையேற்றி, ஒன்றுகூட உடையாமல் கொண்டுவந்தார், பணிவானவர்.

அதை ஹாஷிம் விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பினார். கோப்பு மூன்று மேசைகளைக் கடந்தது. ஒருவர் முத்திரையைப் பார்த்தார், ஒருவர் கையொப்பத்தைப் பார்த்தார், மூன்றாமவர் முன்னிருவரும் பார்த்ததைப் பார்த்தார். எழுதியிருந்ததை வாசிக்க எவருக்கும் தோன்றவில்லை. எட்டாம் மாதம் ஹாஷிம் பொறுப்பாளரானார். முதல் உத்தரவாக, ஆய்வுகூடத்தில் இனி அனுமதியின்றி எவரும் எதையும் அளக்கக்கூடாது என்று எழுதி ஒட்டினார்.